மாநாட்டு வில்லன்

தரையில் மல்லாந்து கிடந்தபடியே அவர் எங்களை வேலை வாங்குவார். "அண்ணாச்சி, செத்த இந்தப் பக்கமா வாங்க. அவிய மொகத்துல வெயில் விழமாட்டேங்கு. என் மொகம் தெரியாட்டாலும் பரவால்ல." கேமராவோடு நிற்கும் என் வீட்டுக்காரர் அவர் சொன்ன பக்கம் நகர்வார். கீழே கிடக்கிறவருடைய நெஞ்சின்மேல் ஒரு செருப்புக்கால் இருக்கும். காலுக்குச் சொந்தக்காரர் இடுப்பில் கையை ஊன்றி, வானத்தைப் பார்த்துச் சிரிப்பார். படம் எடுத்ததும் அந்தக் கால் இறங்கும். அடுத்த கால் ஏறும். நடுவில் ஒரு தடவை எழுந்து உட்காருங்களேன் என்றால் கேட்கமாட்டார். "எந்திரிச்சு எந்திரிச்சுப் படுத்தா சட்டையில மண்ணு ஒரே மாதிரி ஒட்டாது மதினி" என்பார்.

எனக்கு அவரை அப்படித்தான் ஞாபகம். நிற்கிற மனுஷனாக நினைத்துப் பார்ப்பதற்குக் கொஞ்சம் பிரயாசைப்பட வேண்டியிருக்கிறது.

பேரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் பிரயோசனமில்லை. ராஜபாளையத்தில் அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். வில்லன் வீடு எது என்று கேட்டால் டவுன் பஸ் கண்டக்டரே விசிலை ஊதி வண்டியை நிறுத்தி, தெருவைக் கைகாட்டிவிடுவார்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஸ்டுடியோ இருந்தது. படம் எடுப்பது என் வீட்டுக்காரர். டார்க் ரூம், டச்சிங், கவுண்டர் மூன்றும் என் பாடு. பென்சிலை ஊசிபோலச் சீவிக்கொண்டு, நெகட்டிவில் அம்மைத் தழும்பையும் பருவையும் மறைப்பதில் எனக்குக் கை தேர்ந்திருந்தது. ராஜபாளையத்து மாப்பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மூஞ்சி கொடுத்தது இந்தச் சேத்தூர்க்காரிதான் என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொள்வேன். அவரும் சிரித்துக்கொண்டு, மீதிப்பேருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார்.

எண்பதுகளில் எங்கள் பக்கம் அந்த நடிகருக்கு மன்றம் இல்லாத தெருவே கிடையாது. எந்த நடிகர் என்று கேட்காதீர்கள். சொன்னால் போட்டி நடிகருடைய ஆட்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூரில் மன்றங்களின் மாநாடு நடக்கும். ஊர்வலம், கொடி, ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. அதையெல்லாம்விட முக்கியம் வேஷம். தலைவர் எந்தப் படத்தில் என்ன உடுத்தினாரோ அதை உடுத்திக்கொண்டு ஆட்கள் வந்து இறங்குவார்கள். இன்ஸ்பெக்டர் உடையில் ஒருவர், கோட்டும் சூட்டுமாக ஒருவர், மீன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர். கடல் பக்கமே போயிராத மனுஷன் அவர், மில்லில் நூல் சுற்றுகிறவர். எல்லாருக்கும் அந்தக் கோலத்தில் ஒரு படம் வேண்டும். திடலின் ஓரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நாங்கள் கேமராவை வைத்துக்கொள்வோம். வரிசையில் நிற்கிறவர்களுக்குச் சீட்டுக் கொடுப்பது என் வேலை.

சும்மா நிற்கிற படம் யாருக்கும் பிடிக்காது. கதாநாயகன் என்றால் யாரையாவது அடித்துப் போட்டிருக்க வேண்டும். வந்திருக்கிறவன் எல்லாம் கதாநாயகன் என்றால் அடிபடுகிறவனுக்கு எங்கே போவது? மன்றத்துச் செயலாளருக்கு அது பெரிய தலைவலி. ஜவுளிக்கடை வைத்திருந்த ஆள், தலைமுடியைத் தலைவர்போலவே பறக்கவிட்டிருப்பார். சேத்தூரிலிருந்து முரட்டு மீசைக்காரர் ஒருவரைப் பேசிப் பிடித்து வைத்திருந்தார். ஒரு மாநாட்டன்று அந்த மீசைக்காரருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் நம்முடைய ஆள் முதன்முதலாக வந்தார். என்னிடம் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே வெள்ளைப் பேண்ட், சிவப்புச் சட்டை, கழுத்தில் கட்ட ஒரு கறுப்புத் துணி, ஒரு டோப்பா முடி. பையை விரித்து, பேண்டின் மடிப்பை எனக்குக் காட்டினார். "நானே தேச்சது மதினி. கத்தி மாதிரி நிக்கா?" என்று கேட்டார். நிற்கிறது என்று சொன்னேன். பச்சைப்பிள்ளைபோலச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

செயலாளர் வரிசை நெடுகிலும் பார்த்துக்கொண்டே வந்து அவருக்கு முன்னால் நின்றுவிட்டார். காரணம் அவருடைய கண். பேண்டேஜ் துணி வெளுக்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை பிளீச்சிங் நெடியிலேயே நின்று நின்று, கண் எப்போதும் செவசெவவென்று இருக்கும். ஆளும் வாட்டசாட்டம், புருவமும் அடர்த்தி. காப்பிகூடக் குடிக்காத மனுஷனைப் பார்த்து, காலையிலேயே தண்ணி போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று தெருவில் பேசுவார்கள்.

"ஏலே, இந்தக் கண்ணு போதும்லே!" என்றார் செயலாளர். "இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் வில்லனா நின்னுரு. எல்லாத்தையும் முடிச்சிட்டு, பொறவு ஒனக்குத் தனியா ஒரு படம். சரியா?"

அவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "மதினி, இதைச் செத்த வச்சுக்கிடுங்க. கசங்கிராம" என்று பையைக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தார். வரிசை முடியும்போது வெளிச்சம் போய்விட்டது. பை கசங்காமல் அவரிடமே திரும்பிப் போனது.

சேத்தூர் மீசைக்காரருக்குக் காய்ச்சல் சரியாகிவிட்டது. அடுத்த மாநாட்டுக்கு மீசையை வழித்துவிட்டு, கதாநாயகனாக வந்து நின்றார். அவரும் இவர் நெஞ்சில் கால் வைத்துத்தான் படம் எடுத்துக்கொண்டார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

ஒரு நாள் வேஷம் அதோடு அவரைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மாநாட்டுக்கும் பை வரும். ஒவ்வொரு மாநாட்டிலும் அது என் மடியில் உட்கார்ந்திருக்கும். பிலிம் ரோல் தீர்ந்திருக்கும், இல்லாவிட்டால் மழை வந்திருக்கும், இல்லாவிட்டால் மேடையில் அவரை வைத்து நாடகம் போட இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். "அடுத்த வருசம் மொதப் படம் ஒனக்குத்தான்லே" என்று செயலாளர் முதுகில் தட்டுவார். இவரும் தலையாட்டுவார். எனக்குச் செயலாளர் மேல் வந்த கோபத்தைவிட இவர் மேல் வந்த கோபம்தான் அதிகம். குட்டக் குட்டக் குனிகிறவனும் மடையன் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன். அதற்கு அவர், "நான் எந்திரிச்சிட்டா அம்புட்டுப் பேரு படமும் கெட்டுப்போகும்லா மதினி" என்றார்.

கம்பெனியில் வெட்டிக் கழித்த பேண்டேஜ் துணியைச் சுருட்டிக் கொண்டுவருவார். காயம்பட்ட கதாநாயகன் வேஷத்தில் வருகிறவர்களுக்கு அவர்தான் கட்டுப் போட்டுவிடுவார். குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக் காயமும் வைப்பார். கட்டுப் போடும்போது, "இறுக்கமா இருக்கா? வலிச்சா சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டுச் சுற்றுவார். செத்த நேரத்தில் அதே ஆள் இவர்மேல் ஏறி நிற்பார்.

ஒரு தடவை கதாநாயகன் ஒருவர் நன்றாகக் குடித்துவிட்டு வந்தார். காலை வைக்கவில்லை, ஓங்கி மிதித்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். "நடிப்புன்னா இது நடிப்பு!" என்று ஒருவர் கத்தினார். இவர் எழவில்லை. வரிசையில் மிச்சம் நின்றவர்கள் அத்தனை பேரும் படம் எடுத்து முடிகிற வரை கிடந்தார். மறுநாள் டார்க் ரூமில் ரோலைக் கழுவித் தொங்கவிட்டுப் பார்க்கும்போது எனக்குத் திக்கென்றது. மற்ற படங்களில் எல்லாம் வாயைப் பிளந்து, கண்ணை உருட்டி வைத்திருப்பார். அந்த ஒரு படத்தில் மட்டும் வாய் மூடியிருந்தது. வலியை அடக்குகிறவன் வாய் அப்படித்தான் இருக்கும். எனக்கு அழுகை வந்தது. என் வீட்டுக்காரர் செயலாளர் கடைக்கே போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். ஆனால் இரண்டு நாள் கழித்து விலாவைப் பிடித்துக்கொண்டு ஸ்டுடியோ படியேறி வந்தவர் கேட்டது ஒரே கேள்விதான். "படம் நல்லா வந்திருக்கா மதினி?"

மாநாடு வருஷத்துக்கு ஒரு நாள்தான். ஆனால் வில்லன் வேஷத்துக்கு அவருடைய எல்லா நாளும் போய்விட்டது. பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர், "ஒரு முழி முழிச்சாத்தான் பாயசம்" என்பார். முழிப்பார். முடிவெட்டப் போனால் அங்கே முழிக்க வேண்டும். பஸ்ஸில் அழுகிற பிள்ளையை அடக்க, "அந்தா பாரு வில்லன்" என்று தாய்மார்கள் அவரைக் காட்டுவார்கள். அதற்கும் முழிப்பார். முழிக்காவிட்டால் அவர்கள் வருத்தப்படுவார்களாம். கம்பெனியில் அடையாள அட்டைக்குப் படம் கேட்டார்கள் என்று எங்களிடம் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர், என் வீட்டுக்காரர் கேமராவுக்குப் பின்னால் குனிந்த உடனே புருவத்தை ஏற்றிவிட்டார். "சும்மா இரும்வே" என்றால், "சும்மாத்தான் இருக்கேன் அண்ணாச்சி" என்கிறார். எத்தனை எடுத்தும் அதே கதைதான். அட்டையைப் பார்த்த கம்பெனி வாட்ச்மேன், இதுதான் பொருத்தம் என்று சிரித்தாராம்.

அவருக்குப் பெண் பேசின கூத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் படங்கள் மாட்டியிருப்போம். அதில் நடுநாயகமாகச் செயலாளருடைய படம் இருக்க வேண்டும் என்பது செயலாளருடைய உத்தரவு. அவர் மேலே நிற்பார், நம்முடைய ஆள் கீழே கிடந்து முறைப்பார். வன்னியம்பட்டியிலிருந்து பெண்ணின் அப்பா, விவசாயம் பார்க்கிற சம்சாரி, மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க ராஜபாளையம் வந்தவர், பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். கையில் மாப்பிள்ளையின் சின்னப் படம் ஒன்று இருந்தது. எல்லாம் அந்த அடையாள அட்டைப் படம்தான். இரண்டையும் ஒத்துப் பார்த்துவிட்டு, நேராகக் கடைக்குள் ஏறி வந்தார்.

"ஏம்மா, போலீஸ் ஸ்டேஷன்ல மாட்டுற படத்தையெல்லாம் நீங்க எதுக்கு மாட்டி வச்சிருக்கீக?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். மேலே நிற்பது இன்ஸ்பெக்டர் உடுப்பில் செயலாளர். அதனால் போலீஸ் கேடியைப் பிடித்தபோது எடுத்த படம் என்றே பெரியவர் நம்பிவிட்டார். அவருடைய தம்பியும் போலீஸ், இப்படிப் படங்களை ஸ்டேஷன் பலகையில் பார்த்திருக்கிறாராம். அது வேஷம் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன்.

"உடுப்பு வேசம்மா, ஒத்துக்கிடுதேன். அந்த முழியும் வேசமா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

கல்யாணம் நின்றுபோகும் என்றுதான் நினைத்தேன். நிற்காததற்குக் காரணம் அந்தப் பெண். அவளே பின்னால் என்னிடம் சொன்னாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சாமி கும்பிட வந்தபோது, மாநாட்டு ஊர்வலம் திடலுக்குப் பக்கத்தில் பஸ்ஸை மறித்து நின்றதாம். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். "மிதிச்சவரு எறங்கும்போது கால் தட்டிச்சுக்கா. இவிய கீழ கெடந்துக்கிட்டே அவரு காலைத் தாங்கிப் பிடிச்சாவ, விழுந்துரக் கூடாதுன்னு. எங்கப்பாகிட்ட சொல்லிட்டேன், கட்டுனா இவியளத்தான் கட்டுவேன்னு."

அப்படித் துணிந்து வந்தவள், அவருக்கு நேர் எதிர். வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். குடித்துவிட்டு மிதித்தவரின் வீட்டைத் தேடிப்போய், வாசலில் நின்று அவள் கேட்ட கேள்வியில் அந்த மனுஷன் பிறகு மாநாட்டுப் பக்கமே வரவில்லை. ஆனால் அவளாலும் புருஷனை அந்தத் தரையிலிருந்து எழுப்ப முடியவில்லை. ஒவ்வொரு வருஷமும் மஞ்சள் பையை எரித்துவிடுவேன் என்பாள். ஒவ்வொரு வருஷமும் அவளே பேண்டைத் தேய்த்து மடித்து வைப்பாள்.

அவர்களுக்கு ஒரே மகள். ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்க்கப் போனபோது, "மதினி, கண்ணு வெள்ளையா இருக்கு பாத்தீகளா?" என்றார் அவர். அத்தனை பெருமை. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள், அவருடைய வீட்டுக்காரி மட்டும் ஸ்டுடியோவுக்கு வந்து உட்கார்ந்தாள். வழக்கமான சத்தம் இல்லை.

"அக்கா, பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன்னு அழுதா. மத்த பிள்ளைகள்லாம் சேந்து, 'நீ வில்லன் மகள்லா, ஒங்கப்பா மாதிரி கீழ படு'ன்னு படுக்க வைக்குதுகளாம். இவளும் படுத்துட்டு வருதாக்கா. பாவாடை பூராவும் மண்ணு. அவியகிட்ட சொன்னா, 'வெளையாட்டுத்தான'ன்னு சொல்லுதாவ. ராத்திரியெல்லாம் தூங்கலை அவிய." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவிய நிமுந்து நிக்கிற மாதிரி ஒரே ஒரு படம் வேணும்க்கா. பிள்ளை அதைக் கொண்டுபோய்க் காட்டணும்."

நான் அவரைக் கூப்பிட்டு விட்டேன். "பையை எடுத்துக்கிட்டு நாளைக்கே வாங்க. இங்கேயே எடுத்துருவோம்" என்றேன்.

"ஸ்டுடியோவுலயா?" என்றார். தரையைப் பார்த்தார். "இங்க எடுத்தா அது மாறுவேசப் போட்டி மாதிரில்லா இருக்கும் மதினி. மாநாட்டுல, மன்றத்து ஆளுகளோட எடுத்தாத்தான் அது படம். இம்புட்டு வருசம் அதுக்குத்தான கெடந்தேன்?" பிறகு மெதுவாக, "அதுவும் போக, எனக்குக் கீழ யாரு படுப்பா?" என்றார்.

ஊருக்கெல்லாம் வில்லனாகக் கிடந்த ஆளுக்கு ஒரு வில்லன் கிடைக்கவில்லை. மன்றத்தில் யாரைக் கேட்டாலும் சிரித்தார்கள். அவர் படுக்காமல் வேறு யார் படுப்பது என்பதுதான் எல்லாருக்கும் வேடிக்கை.

அடுத்து வந்த மாநாடுதான் நாங்கள் போன கடைசி மாநாடு. தொண்ணூறுகளில் பாதி கடந்துவிட்டது. தலைவருக்கு வயதாகிவிட்டது, கூட்டமும் முன்னைப்போல் இல்லை. ஆனாலும் வேஷக்காரர்கள் வந்தார்கள். இவரும் வழக்கம்போலப் போய்ப் படுத்தார். பிள்ளையை வன்னியம்பட்டியில் அப்பா வீட்டில் விட்டுவிட்டு, அவருடைய வீட்டுக்காரியும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பையை என்னிடம் கொடுக்கவில்லை, தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் பிரியாணி வந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வரிசையில் நின்ற கதாநாயகர்கள் மொத்தப்பேரும் பந்தலைப் பார்த்து ஓடினார்கள். வேப்பமரத்தடியில் நாங்கள் நாலு பேர் மட்டும் மிச்சம்.

"எந்திரிங்க" என்றாள் வீட்டுக்காரி. "போய் உடுப்பை மாத்துங்க. இன்னைக்கு எடுக்காம நான் வீட்டுக்கு வரமாட்டேன்."

"யாரு படுப்பா தாயி?" என்றபடி எழுந்து நின்றார்.

அவள் விறுவிறுவென்று பந்தலுக்குப் போனாள். செயலாளர் இலையில் கைவைத்திருந்தார். அவள் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. அவர் சொன்னது கேட்டது. "நான் செயலாளர்லாம்மா. நான் தரையில கெடந்தா மன்றத்துக்கு என்ன மரியாதை? அடுத்த வருசம் பாப்போம்."

அவள் திரும்பி வந்த முகத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். "ஏட்டி, நீ எடு" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நம்முடைய ஆள் கிடந்த அதே இடத்தில், அந்த உடம்பு பதிந்திருந்த மண்ணிலேயே மல்லாந்து படுத்தார். "வாரும்வே. எனக்கும் வயசாகுது, ரொம்ப நேரம் கெடக்க முடியாது."

நம்முடைய ஆள் மரத்துக்குப் பின்னால் போய் உடுப்பு மாற்றினார். முதல் மாநாட்டுக்குத் தைத்த பேண்ட் இடுப்பில் பொத்தான் சேரவில்லை. வீட்டுக்காரி பேண்டேஜ் சுருளை எடுத்து இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி, சட்டையை மேலே இழுத்துவிட்டாள். டோப்பாவில் பாச்சா உருண்டை வாடை அடித்தது. கழுத்தில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு அவர் வெளியே வந்து நின்றார். நன்றாக இருந்தார். அத்தனை வருஷம் அவர்மேல் ஏறி நின்ற ஒருவரும் அப்படி இருந்ததில்லை.

காலைத் தூக்கினார். அது என் வீட்டுக்காரர் நெஞ்சுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

"வையும்வே."

"வேண்டாம் அண்ணாச்சி. உங்க மேலயா?"

"வைங்க!" என்று வீட்டுக்காரி ஒரு அதட்டுப் போட்டாள். சுடுகல்லில் வைப்பதுபோல நுனிக்காலை மட்டும் வைத்தார். நான் கேமராவுக்குள் பார்த்தேன். ரோலில் அதுதான் கடைசிப் படம். "சிரிங்க, பிள்ளையை நினைச்சுக்கிட்டுச் சிரிங்க" என்றேன். வாய் விரிந்தது. அழுத்திவிட்டேன்.

அன்று சாயங்காலமே ராஜபாளையம் வந்து, முகம்கூடக் கழுவாமல் டார்க் ரூமுக்குள் போனேன். தட்டில் தாளைப் போட்டு ஆட்டினேன். முதலில் கறுப்புத் துணி வந்தது. பிறகு டோப்பா. பிறகு என் வீட்டுக்காரருடைய தொப்பை. கடைசியாக அவருடைய கண் வந்தது.

அதே முழி. வாய் சிரித்துக்கொண்டிருந்தது. கண்ணும் புருவமும் வழக்கம்போலப் பயமுறுத்திக்கொண்டிருந்தன. கேமராவைக் கண்டால் அந்த முகத்துக்கு வேறெதுவும் தெரியாமல் போயிருந்தது. உடுப்பைத்தான் மாற்ற முடிந்தது. அடையாள அட்டைக்கு எடுத்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரி மறுநாள் வந்தாள். படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இதுலயும் வில்லன்தானாக்கா?" என்றாள்.

நான் நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"டச்சிங்ல சரி பண்ண முடியாதா? பருவெல்லாம் மறைப்பீகளே."

பருவை மறைக்கலாம், பார்வையை எப்படி மாற்றுவது? பென்சிலை எடுத்து நெகட்டிவின்மேல் வைத்தேன், எடுத்தேன். எங்கே தொட்டாலும் அது அவராக இருக்காது என்று தோன்றியது. கடைசியில் அவள்தான் வழி சொன்னாள். "கூலிங் கிளாஸ் வரைஞ்சிருங்கக்கா. தலைவரே போடுவாருல்லா." மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, படத்தின்மேலேயே கறுப்பு மையால் இரண்டு கண்ணையும் புருவத்தையும் சேர்த்து மூடினேன். பெரிய கண்ணாடியாகத்தான் வரைய வேண்டியிருந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு வெள்ளைக் கீற்று விட்டேன், வெயில் பட்டு மின்னுகிற மாதிரி. இப்போது வாய் மட்டும் சிரித்தது. அசல் கதாநாயகன். "இப்பம் சரியா இருக்கு" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். அவர் புதுச்சட்டை போட்டிருந்தார், மஞ்சள் பையைக் கையிலேயே வைத்திருந்தார். உள்ளே வராமல் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் படத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்தேன். "பாரு, அப்பா படம்" என்றேன்.

பிள்ளை படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. அதன் கண் நேராகக் கீழே போனது. தரையில் கிடக்கிறவருடைய முகத்தில் விரலை வைத்தது.

"இது போட்டோக்காரப் பெரியப்பால்லா! அப்பா எங்க?"

"மேல பாரு தாயி" என்றாள் அம்மா.

மேலே பார்த்தது. டோப்பாவையும் கறுப்புக் கண்ணாடியையும் பார்த்தது. "இது ஹீரோ" என்றது. மறுபடியும் விரல் கீழே இறங்கி, ஓரங்களில் எல்லாம் தேடியது. "அப்பா எங்கம்மா?"

மேலே நிற்கிறவர்தான் ஒங்கப்பா என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் படியேறி வந்து, பிள்ளைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா அன்னைக்கு மாநாட்டுக்குப் போகலைத்தா. கம்பெனியில வேலை இருந்துச்சு" என்றார்.

பிள்ளை அவரையே பார்த்தது. அதன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அப்பம் இந்தத் தடவை ஒங்களை யாருமே மிதிக்கலையாப்பா?"

"இல்லத்தா. யாரும் மிதிக்கலை."

பிள்ளை படத்தைக் கீழே போட்டுவிட்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவர் ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் தரையிலிருந்த படத்தை எடுத்து, தூசி தட்டி, மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.